ஜெபஆலயமும் பள்ளியும்: சினகாக்கில் கல்வி வளர்ந்த வரலாறு

தமிழில் விவிலியம் வாசித்தவர்களுக்கு யூதர்களின் சினகாக் ‘ஜெபஆலயம்’ என்ற பெயரில்தான் பழக்கம். பிற்காலத்தில் வந்த பொது மொழிபெயர்ப்பு அதைத் ‘தொழுகைக்கூடம்’ என்றது. இரண்டு சொல்லும் நம் மனத்தில் எழுப்புவது வழிபாட்டு இடம் ஒன்றைத்தான். மூலச் சொற்களிலோ வழிபாட்டின் சாயலே இல்லை. ‘சினகோகே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கூடுகை என்று பொருள்; ‘பெத் கெனெசெத்’ என்ற எபிரேயப் பெயருக்குக் கூடும் வீடு என்று பொருள். கிழக்கு ஐரோப்பாவில் இத்திஷ் பேசிய யூதர்கள் அதை ‘ஷூல்’ என்றார்கள்; பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு பிறந்த சொல் அது. வெனிஸ் நகரத்து யூதர்கள் ‘ஸ்கோலா’ என்றார்கள். நமக்குப் பக்கத்தில், கொச்சியிலும் பரவூரிலும், மலையாளிகள் அதை யூதப்பள்ளி என்கிறார்கள். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தின் பெயராக இருந்து, பிறகு பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் முஸ்லிம்கள் தொழும் இடத்துக்கும் பெயராகிப்போன அதே பள்ளி. ஆனால் சொல்லை மட்டும் வைத்து வரலாறு எழுதிவிட முடியாது. வெனிஸில் ‘ஸ்கோலா’ சங்கத்தையும் குறித்தது. மலையாளத்தில் கிறிஸ்தவக் கோயிலும் மசூதியும்கூடப் பள்ளிதான். சொல் ஒரு கேள்வியைக் கிளப்பிவிடும். அதற்கு விடை தேடக் கல்வெட்டையும் சட்டநூலையும் கணக்கேட்டையும்தான் புரட்ட வேண்டும்.

இன்று உலகின் பல நகரங்களில் சினகாக் ஒன்றின் வாராந்தர நிகழ்ச்சிகளைப் பார்த்தால், வழிபாட்டு நேரத்தைவிடப் படிப்பு நேரம் அதிகமாக இருப்பதைக் காணலாம். குழந்தைகளுக்கு எபிரேய எழுத்துப் பயிற்சி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தோரா எனும் திருச்சட்ட நூலை வாசிக்கும் பயிற்சி, வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் தால்முட் நூலின் ஒரு பக்கம், பெண்களுக்கான வட்டம், பணி ஓய்வு பெற்றவர்களுக்கான வகுப்பு என்று அது நீளும். தொழுகைக்காகக் கட்டிய இடத்தில் பிற்காலத்தவர் ஒட்டவைத்த சமூகக்கூட வேலைகளே இவை என்று கருதுவோர் உண்டு. அந்தக் கருத்து தலைகீழானது என்பது என் முடிவு. கற்பித்தல்தான் சினகாக்கின் அடித்தளம். நாள்தோறும் நிகழும் கட்டாயத் தொழுகை அதன்மேல் பிறகு எழுந்தது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘எல்லா வயதினருக்கும், எல்லாருக்கும்’ என்பது தொடக்கத்திலேயே கைகூடிய நிலை அன்று. தகப்பன் இல்லாத பிள்ளை, எபிரேயம் தெரியாத உழவன், பகலெல்லாம் மரம் வெட்டியவன், பெண் என்று வாசலுக்கு வெளியே நின்ற ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு தலைமுறை கவனித்து உள்ளே அழைத்த வரலாறு அது. சிலரை அழைக்கப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

முதல் சான்று ஒரு சுண்ணாம்புக் கல். 1913-14இல் எருசலேமின் பழைய தாவீது நகரப் பகுதியில் ரேமண்ட் வெய்ல் அகழாய்வு செய்தபோது நீர்த்தொட்டி ஒன்றுக்குள் கிடைத்தது அது. அதில் பத்து வரி கிரேக்கம். சினகாக்கைக் கட்டியவர் தியோடோட்டஸ். தாம் ஒரு பூசாரி என்றும், சினகாக்கின் தலைவர் என்றும், தம் தந்தையும் பாட்டனாரும் அதே பொறுப்பில் இருந்தவர்கள் என்றும் அவர் பொறித்திருக்கிறார். எதற்காகக் கட்டினார் என்பதையும் சொல்கிறார்: திருச்சட்டத்தை வாசிப்பதற்கு, கட்டளைகளைக் கற்பிப்பதற்கு. அதற்கு அடுத்தபடியாக, வெளியூரிலிருந்து வரும் வறியவர்கள் தங்க விடுதியும் அறைகளும் தண்ணீர் வசதியும். தொழுகை என்ற சொல் அந்தப் பத்து வரியில் எங்கும் இல்லை. இந்தக் கல்வெட்டின் காலத்தைப் பின்னுக்குத் தள்ள முயன்றவர்களும் உண்டு. ஆனால் உரோமர்கள் எருசலேம் கோயிலை அழித்த கி.பி. 70க்கு முந்தியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. படிப்பு, தங்குமிடம், தண்ணீர் என்ற அந்த வரிசை என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. கற்கும் இடமும் சமூகத்தின் பொதுவீடும் ஒரே கட்டடமாக இருந்ததற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. எருசலேமில் கோயில் பக்கத்திலேயே இருந்தது. வழிபட அங்கே போனார்கள், ஆகவே சினகாக்கில் தொழுகைக்கு இடம் வேண்டியிருக்கவில்லை. அந்த ஓர் ஊரை வைத்துப் பொதுவாகப் பேசலாமா? எகிப்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே யூதர்களின் கூடங்களைக் கல்வெட்டுகள் ‘ப்ரொசெயுகே’ என்கின்றன. அதன் பொருளே தொழுகை. உண்மைதான். ஆனால் அந்த எகிப்திலேயே, அலெக்சாண்டிரியாவில், அப்படிப்பட்ட கூடங்களுக்கு நடுவே வாழ்ந்த யூதத் தத்துவஞானி ஃபைலோ அவற்றை எப்படிப் பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழாம் நாள்தோறும் ஒவ்வொரு நகரத்திலும் நற்பண்புகளைக் கற்பிக்கும் பள்ளிகள் திறந்திருக்கின்றன என்று அவர் எழுதினார். பூசாரியோ மூத்தவரோ சட்டத்தை வாசித்து, ஒவ்வொன்றாக விளக்கம் சொல்ல, மக்கள் பிற்பகல்வரை அமர்ந்து கேட்டதையும் அவர் வருணித்திருக்கிறார். பெயர்ப்பலகையில் தொழுகை, உள்ளே நடந்தது பாடம். சட்டத்தைக் கேட்க வாரந்தோறும் கூட வேண்டும் என்பதையே தம் மக்களின் தனிச்சிறப்பாக யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் எடுத்துச் சொன்னார். நாசரேத்தின் ஜெபஆலயத்தில் இயேசு செய்ததாக லூக்கா சொல்வதும் வாசிப்பும் விளக்கமும்தான். கோயில் அழியுமுன் சினகாக்கில் கட்டாயப் பொதுத் தொழுகையே இருந்ததில்லை என்று ஆய்வாளர் எஸ்ரா ஃப்ளைஷர் 1990இல் வாதிட்டார். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்று மறுத்தவர்கள் உண்டு. வாசிப்பும் கற்பித்தலும்தான் முதல் நூற்றாண்டுக் கூட்டத்தின் மையம் என்ற அளவுக்குச் சான்றுகள் நம்மைக் கூட்டிப்போகின்றன. எனக்கு அது போதும்.

வாசிப்பு வேறு, கல்வி வேறு என்று அடுத்த மறுப்பு வரும். திருநூலைச் சடங்காக ஓதுவது உலகில் பல சமயங்களில் உண்டு. பொருள் தெரியாமல் கேட்டுவிட்டு எழுந்து போவதைக் கல்வி என்று சொல்லிவிட முடியுமா? இங்கேதான் மிஷ்னாவின் ஒரு நுணுக்கமான விதி கைகொடுக்கிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட அந்தச் சட்டநூலின்படி, தோராவை வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பார். வாசிப்பவர் ஒரு வசனத்துக்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது. ஒரு வசனம் எபிரேயத்தில், உடனே அதே வசனம் மக்கள் வீட்டில் பேசும் அரமேயத்தில், பிறகுதான் அடுத்தது. தீர்க்கதரிசிகளின் நூல் என்றால் மூன்று வசனம்வரை விட்டுக்கொடுக்கலாம். மிஷ்னாமேல் எழுந்த விவாதங்களின் தொகுப்பான எருசலேம் தால்முட் இன்னும் ஒரு படி மேலே போய், மொழிபெயர்ப்பாளர் ஏட்டைப் பார்த்துப் படிப்பதைத் தடுக்கிறது. மூலம் எழுத்தில் வரும், விளக்கம் வாயிலிருந்து வர வேண்டும், கேட்பவருக்கு இரண்டும் கலந்துவிடக் கூடாது. சடங்கு மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் இத்தனை ஏற்பாடு எதற்கு? பின்வரிசையில் நிற்கும், எபிரேயம் மறந்துபோன ஒருவனுக்காக முழுக்கூட்டமும் வசனத்துக்கு வசனம் நின்று காத்திருந்திருக்கிறது. இதன் வேர் எஸ்ரா காலம்வரை போகிறது. தண்ணீர் வாசலுக்கு முன்னால் ஆண்களும் பெண்களும் விவரம் தெரிந்த பிள்ளைகளும் கூடியிருக்க, சட்டநூல் வாசிக்கப்பட்டதையும், லேவியர்கள் கூட்டத்துக்குப் பொருள் விளங்கவைத்ததையும் நெகேமியாவின் நூல் பதிவு செய்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு வருவோம். சட்டப்படி மகனுக்குக் கற்பிக்க வேண்டியவன் தகப்பன். தகப்பன் இல்லாதவன் என்ன செய்வான்? பாபிலோனியத் தால்முட் இந்தக் கேள்வியிலிருந்துதான் பள்ளியின் வரலாற்றைத் தொடங்குகிறது. முதலில் எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்களாம். அங்கேயும் தகப்பன் கூட்டிக்கொண்டு போனவன்தான் படித்தான். பிறகு மாவட்டந்தோறும் அமர்த்திப் பதினாறு, பதினேழு வயதில் சேர்த்தார்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அந்த வயதுப் பையன் எழுந்து போய்விடுவான். கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைப் பூசாரி ஊர்தோறும் ஆசிரியர்களை வைத்து, ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். அவர் இல்லாவிட்டால் இஸ்ரவேலரிடையே தோராவே மறந்துபோயிருக்கும் என்பது அங்கே அவருக்குக் கிடைக்கும் புகழுரை. தொடர்ந்து வரும் விதிகள் ஒரு கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கைபோல் இருக்கின்றன. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 என்றால் ஒரு துணையாசிரியர். 50 என்றால் இரண்டு ஆசிரியர். பிள்ளையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் படிக்க அனுப்பச் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குள் ஒரு சினகாக்கிலிருந்து இன்னொரு சினகாக்குக்கு அனுப்பலாம். இடையில் ஆறு இருந்தால் கூடாது. ஆற்றுக்குப் பாலம் இருந்தால் சரி. வெறும் பலகை போட்டிருந்தால் கூடாது. பள்ளிக்கூடம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சட்டம் தன்னையறியாமல் சினகாக் என்றே சொல்லிவிடுகிறது. இரண்டும் ஒரே இடம் என்பது அந்தச் சட்டம் பேசியவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி.

அந்த வகுப்பறையின் ஒரு காட்சியும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓய்வுநாளில் விளக்கைச் சரித்து எண்ணெயை முன்னுக்கு இழுப்பது விலக்கப்பட்ட வேலை; ஆகவே அன்றிரவு விளக்கொளியில் படிக்கக் கூடாது என்பது மிஷ்னாவின் விதி. படிக்கும் ஆவலில் கை தன்னால் விளக்குக்குப் போய்விடும் அல்லவா? ஆனால் சினகாக்கின் ஊழியரான ஹசான், பிள்ளைகள் எந்த இடத்தில் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். தாம் படிக்கக் கூடாது. இந்த ஒரு வரிக்குள் வெள்ளி இரவு ஒன்று இருக்கிறது: எண்ணெய் விளக்கு, அதன் அடியில் ஏட்டின்மேல் குனிந்த சிறுவர்கள், அவர்கள் தலைக்குமேல் எட்டிப் பார்த்து இடத்தைச் சரிபார்க்கும் ஊழியர். சட்டமியற்றியவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு இடம்விட்டே சட்டம் செய்திருக்கிறார்கள்.

இவற்றை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்ற ஐயம் நியாயமானது. கோயில் காலத்து எருசலேமில் 480 சினகாக்குகள் இருந்தன, ஒவ்வொன்றோடும் எழுத்துப் பள்ளி ஒன்றும் மேற்படிப்புப் பள்ளி ஒன்றும் இருந்தன என்று எருசலேம் தால்முட் சொல்லும் கணக்கு, நினைவும் ஏக்கமும் பெருக்கிய எண். ஆய்வாளர்கள் அதை அப்படியே நம்புவதில்லை. உரோமர் காலப் பாலஸ்தீனத்தில் எழுத்தறிவு மிகக் குறைவு என்று ஆய்வாளர் கேத்தரின் ஹெசர் 2001இல் விரிவாக நிறுவினார். பிள்ளையைப் படிக்கவைக்கும் செலவைத் தாங்க முடியாத உழவர் பலர் யூத சமயத்தைவிட்டே விலகிப்போனார்கள் என்பது பொட்டிச்சினி, எக்ஸ்டைன் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2012இல் முன்வைத்த வாதம். பென் கம்லாவின் ஏற்பாடு ஊர்தோறும் நடந்தது என்று நானும் சொல்லமாட்டேன். என் வாதத்துக்கு அந்த எண்ணிக்கை தேவையும் இல்லை. ஒரு சமூகம் தன் பள்ளியின் தொடக்கத்தைச் சொல்லும்போது மன்னனையோ மகாஞானியையோ முன்னிறுத்தாமல், கைபிடித்துக் கூட்டிப்போகத் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளையை முன்னிறுத்துகிறது. அந்தக் கதை பிற்காலத்தில் புனையப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், புனைந்தவர்கள் எதைக் கடமையாக நினைத்தார்கள் என்பதற்கு அது சான்று.

கோயில் அழிந்தபின் பலிக்கு ஈடாகத் தொழுகை வளர்ந்து சினகாக்கை நிறைத்தது. இப்போது தொழுகைக்கும் படிப்புக்கும் எது பெரிது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? தால்முட் அதை மிகவும் நடைமுறையான ஒரு வழக்காக எடுத்துக்கொள்கிறது. புனிதமான பொருளை அதைவிடப் புனிதமானதாக மாற்றலாம், கீழிறக்கக் கூடாது என்பது பொது விதி. அப்படியானால் சினகாக்கை ‘பெத் மித்ராஷ்’ எனும் படிப்பு வீடாக மாற்றலாமா, படிப்பு வீட்டைச் சினகாக்காக மாற்றலாமா? ரப்பிகள் எனும் சட்ட ஆசிரியர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. யோசுவா பென் லேவியின் தீர்ப்பு நிலைத்தது: சினகாக்கைப் படிப்பு வீடாக்கலாம். தொழும் இடத்திலிருந்து படிக்கும் இடத்துக்குப் போவது மேலே ஏறுவது. வழிபாட்டு இடம் ஒன்றின் பொறுப்பாளர்களே இப்படித் தீர்ப்பளித்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடைக்காலத்தில் இந்த வரலாறு இரண்டு வழியாகப் பிரிகிறது. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா சினகாக்கின் சுவரறைக்குள் பல நூற்றாண்டுகளாகப் போட்டுவைத்த பழந்தாள்களை சாலமன் ஷெக்டர் 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். ஏறத்தாழ 1,93,000 துண்டுகள். மலபார் கரையோடு வணிகம் செய்த யூதர்களின் கடிதங்கள் அதில் இருப்பதால் தென்னிந்திய வரலாற்று மாணவர்களுக்கும் அது சொந்தச் சொத்துதான். அதே குவியலில் சிறுவர்களின் எழுத்துப் பயிற்சித் தாள்கள், வண்ணம் தீட்டிய அரிச்சுவடிப் பக்கங்கள், அநாதைப் பிள்ளைகளுக்குச் சமூக நிதியிலிருந்து ஆசிரியர் கூலி கொடுத்த கணக்குகள் எல்லாம் கிடக்கின்றன. வரலாற்றாசிரியர் கொய்ட்டைன் இவற்றைக் கொண்டுதான் அந்தச் சமூகத்தின் கல்வியை மீட்டெழுதினார். பென் கம்லா கதையின் அநாதை இங்கே கணக்கேட்டில் ஒரு செலவினமாக வருகிறான். இன்னொரு வழி ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம். வாரங்களின் திருவிழா நாளில் சிறுவனை மேலாடையால் போர்த்தி ஆசிரியரிடம் தூக்கிப்போவார்கள். எழுத்துகள் எழுதிய பலகையில் தேன் தடவியிருக்கும்; எழுத்தைச் சொல்லிவிட்டுப் பிள்ளை அதை நாக்கால் நக்கும். வசனம் எழுதிய பணியாரமும் அவித்த முட்டையும் பிறகு கிடைக்கும். வோர்ம்ஸ் நகர எலெயாசரின் நூல் இதை விவரிக்கிறது. லைப்சிக் மஹ்சோர் என்ற ஓவிய நூல் இதைப் படமாகவே தீட்டிவைத்திருக்கிறது.

ஆனால் பிற்கால ஐரோப்பாவில் பிள்ளைகள் படித்தது ‘ஹேதர்’ எனும் ஓரறைப் பள்ளியில், பெரும்பாலும் ஆசிரியரின் வீட்டில். அப்படியென்றால் சினகாக்கிலிருந்து கல்வி வெளியேறிவிட்டதே என்று கேட்கலாம். கூலி கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஓரளவு அப்படித்தான். முடியாதவர்களின் பிள்ளைகளைத் ‘தல்முட் தோரா’ என்ற பெயரில் சமூகம் தன் செலவில் படிக்கவைத்தது. பெரியவர்களின் கல்வியோ சினகாக்கின் மேசையைவிட்டு அகலவே இல்லை. மாலைத் தொழுகைக்கும் இரவுத் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தில், வேலை முடிந்து வந்த தையற்காரர், செருப்புத் தைப்பவர், வண்டியோட்டி ஆகியோர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சங்கம். சங்கீதம் ஓதுவோர் சங்கம், மிஷ்னா படிப்போர் சங்கம், தால்முட்டின் கதைப்பகுதிகளைத் தனியே தொகுத்து யாக்கோபு இப்னு ஹபீப் சலோனிகாவில் உருவாக்கிய ‘ஏன் யாக்கோவ்’ படிப்போர் சங்கம், முழுத் தால்முட்டையும் படிக்க வல்லவர்களின் சங்கம். இதில் மேல் கீழ் இருந்தது. சங்கீத மேசைக்காரனைத் தால்முட் மேசைக்காரன் எப்படி மதித்தான் என்பது எவருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் பெர்திச்சேவ் நகரத்து நூல் ஒன்றில் கிடந்த முத்திரையை யூதச் சிந்தனையாளர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் குறிப்பிட்டிருப்பதை மறக்க முடியவில்லை. அந்நூலின் சொந்தக்காரர் என்று முத்திரை காட்டுவது மிஷ்னா படிக்கும் விறகுவெட்டிகளின் சங்கம். பகலெல்லாம் கோடரி பிடித்த கைகள் கூடிக் காசு சேர்த்து நூல் வாங்கி, அதில் தங்கள் முத்திரையையும் குத்தியிருக்கின்றன.

நவீன காலத்துக்கு வந்தால் மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஞாயிறு வகுப்பு, பெண் ஆசிரியர், விளையாட்டுக் கூடம் எல்லாம் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்டவை. இவற்றுக்குத் தியோடோட்டஸ்வரை வம்சாவளி தேடுவது வீண் என்பார்கள். எடுத்துக்கொண்டது உண்மை. ரெபெக்கா கிராட்ஸ் 1838இல் பிலடெல்பியாவில் எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது வடிவம் அங்கிருந்துதான் வந்தது. பாடநூல்கூட அங்கிருந்தே வந்தது. யூதப் பிள்ளைகளுக்குப் பொருந்தாத விடைகள்மேல் வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி ஒட்டிக்கொடுத்தார்கள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று துருவிப் பார்த்தும் தெரியவில்லை என்று அங்கே படித்த ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒட்டிய அந்தத் தாள்தான் மறுப்புக்கு விடையும். பாத்திரத்தை வாங்கியவர்கள் உள்ளடக்கத்தைத் தாங்களே தீர்மானித்தார்கள். விரைவிலேயே சொந்தப் பாடநூல்களும் வந்தன. இதைவிட முக்கியம், அதுவரை முறையான சமயக் கல்விக்கு வெளியே நின்ற சிறுமிகள் சிறுவர்களுக்குச் சமமாக அங்கே உட்கார்ந்தார்கள். கற்பித்தவர்கள் எல்லாரும் பெண்கள். ரப்பி மோர்தெகாய் கப்லானின் வழிகாட்டலில் நியூயார்க்கில் 1918 அளவில் எழுந்த யூத மையம் வழிபாட்டுக்கூடத்தோடு வகுப்பறை, அரங்கு, உடற்பயிற்சிக்கூடம், நீச்சல்குளம் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கியது. நீச்சலுக்கு வந்தவர்கள் தொழுகைக்கு வரவில்லை என்ற குறை பின்னர் பலமாக எழுந்தது. அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் கட்டடத்துக்குள் தண்ணீர் வசதியும் தங்குமிடமும் சேர்ந்ததால் சினகாக் சினகாக்காக இல்லாமல் போகும் என்றால், தியோடோட்டஸின் கல்லையே நாம் மறுக்க வேண்டியிருக்கும்.

அடித்தளம் கல்விதான் என்பதற்கு எதிர்ப்புறமிருந்தும் ஒரு சான்று உண்டு. சினகாக் கற்பிக்கத் தவறிய இடங்களில் கல்வி வெளியே போய்த் தனக்கு ஓர் இடம் தேடிக்கொண்டது. எல்லாம் மறந்துபோன படித்த நகரத்து யூதர்களுக்காகத் தத்துவஞானி ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1920இல் ஃபிராங்ஃபர்ட்டில் தொடங்கிய சுதந்திர யூதப் படிப்பு வீடு அப்படிப்பட்டது. விவிலியப் பாடம் நடத்தியவர் ஒரு வேதியியலாளர். இன்னோர் ஆசிரியர் மருத்துவர். தங்களுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தொடங்கியவர்கள்தான் அங்கே கற்பிக்கத் தகுதியானவர்களாகக் கருதப்பட்டார்கள். 1933இல் தத்துவஞானி மார்ட்டின் பூபர் அதை மீண்டும் திறந்தபோது, நாஜி ஆட்சியில் பள்ளிகளிலிருந்தும் அரங்குகளிலிருந்தும் துரத்தப்பட்ட மக்களுக்கு அது 1938வரை மூச்சுவிடும் இடமாக இருந்தது. அதற்கு இணையாக, மரபு பிசகாத தரப்பில், ரப்பி மெயிர் ஷபிரோ 1923இல் வியன்னா மாநாட்டில் ஒரு திட்டம் வைத்தார்: உலகெங்கும் எல்லாரும் ஒரே நாளில் தால்முட்டின் ஒரே பக்கத்தைப் படிப்பது. 2,711 பக்கம், ஏழரை ஆண்டு. இன்றும் பல சினகாக்குகளில் விடியலில் விளக்கெரிவது அந்தப் பக்கத்துக்காகத்தான்.

பெண்களைப் பற்றி இதுவரை குறைவாகவே சொன்னேன். இந்த வாதத்தின் மிகக் கடினமான பகுதி அது என்பதால் கடைசிக்கு வைத்தேன். மகளுக்குத் தோரா கற்பிக்க வேண்டும் என்றார் பென் அசாய். கூடவே கூடாது என்றார் ரப்பி எலியேசர். பல நூற்றாண்டுகள் வென்றது எலியேசரின் கட்சி. அடித்தளமே கல்வி என்று சொல்லிக்கொண்ட ஓர் இடம் பாதிப் பேரை வெளியே வைத்தது என்றால் அந்தக் கூற்றின் மதிப்பு என்ன? அது ஆண்களின் சங்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமே? போகலாம், சான்றுகள் அத்தோடு நின்றிருந்தால். எருசலேம் தால்முட்டில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஹம்மாத் ஊர்ச் சினகாக்கில் வெள்ளி இரவுதோறும் ரப்பி மெயிர் விளக்கவுரை செய்வார். ஒரு பெண் வந்து கேட்பாள். ஒருநாள் உரை நீண்டுபோய் அவள் வீடு திரும்புமுன் விளக்கு அணைந்துவிட்டது. உரை செய்தவர் முகத்தில் துப்பிவிட்டு வந்தால்தான் வீட்டுக்குள் கால்வைக்கலாம் என்று கணவன் ஆணையிட்டான். செய்தி மெயிருக்கு எட்டியது. அவர் கண்வலி வந்தவர்போல் நடித்து, மந்திரித்துத் துப்பத் தெரிந்த பெண் யாராவது உண்டா என்று கேட்டு, அவளையே ஏழுமுறை துப்பவைத்து, போய் உன் கணவனிடம் சொல் என்று அனுப்பினார். கேட்க வந்த ஒருத்தியின் இடத்தைக் காப்பாற்ற ஆசிரியர் தம் மானத்தைக் கொடுத்த கதை இது. சட்டம் ஒரு பக்கம் வாசலை அடைத்தபோதும் அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அதே காட்சி முதல் உலகப்போர்க் காலத்தில் வியன்னாவில் மீண்டும் நடந்தது. போரிலிருந்து தப்பி கிராக்கோவிலிருந்து வந்திருந்த சாரா ஷெனிரர் என்ற தையற்காரி, சினகாக்கில் ரப்பி ஃப்ளெஷின் உரையைக் கேட்டார். யூத வரலாற்றின் வீரப்பெண்களைப் பற்றிய உரை அது. ஊர் திரும்பி 1917இல் அவர் சிறுமிகளுக்குத் தொடங்கிய பள்ளிதான் பேத் யாக்கோவ் இயக்கமாகப் பரவியது. தாய்வழிப் பழக்கம் ஒன்றே போதும் என்ற காலம் போய்விட்டது என்று சொல்லி ஹஃபெத்ஸ் ஹயிம் போன்ற மூத்த மரபாளர்களே அதை ஆதரித்தார்கள். 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் கப்லானின் மகள் ஜூடித், அதுவரை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த, வயதுவந்ததும் கட்டளைகளின் பொறுப்பை ஏற்கும் சடங்கைப் பெண்பிள்ளையாக நிறைவேற்றினார். அப்போதும் தோராச் சுருளிலிருந்து வாசிக்கவிடவில்லை. சற்றுத் தள்ளி நின்று கையிலிருந்த அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தார். 2020 ஜனவரியில், ஷபிரோவின் ஏழரை ஆண்டுச் சுற்றை முடித்த பெண்களுக்காக எருசலேமில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மெயிரின் உரையைக் கேட்டு இருட்டில் வீடு திரும்பியவளிலிருந்து அந்தக் கூட்டம்வரை ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டு.

கேரளத்தின் யூதப்பள்ளிகள் இதில் தனி வழி போனவை. சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் கொச்சியிலும் தோரா வாசிக்கும் மேடை இரண்டு: ஒன்று கூடத்தின் நடுவில், மற்றொன்று மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு நேர் முன்னால். ஓய்வுநாளிலும் திருநாளிலும் வாசிப்பு மாடி மேடையிலிருந்து நடந்தது. சுருள் பெண்களுக்குப் பக்கத்துக்கே வந்தது. அதன் பயன் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், கொச்சிப் பெண்களிடம் இன்னோர் ஏடு இருந்தது. ஆதாம் முதல் மோசேவரையான கதைகளையும் ரப்பிகளின் விளக்கங்களையும் தங்கள் பள்ளிகளின் பெருமையையும் மலையாளப் பாட்டாக்கி, கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, திருமணத்திலும் திருநாளிலும் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். பாட்டி பாட, பேத்தி கேட்டு எழுதிக்கொண்ட பாடத்திட்டம் அது. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் குறிப்பேடுகளும் பெட்டிக்குள் போயின. நெவாட்டிம் போன்ற குடியிருப்புகளில் பிறந்த பேரப்பிள்ளைகள் எபிரேயம் பேசி வளர்ந்தார்கள். பாட்டியின் பாட்டு அவர்களுக்குப் புரியவில்லை. ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்து 2005இல் எருசலேமில் வெளியான ‘கார்குழலி’ அந்தப் பாடல்களை மலையாளத்தில் கொடுத்து, கூடவே எபிரேய மொழிபெயர்ப்பையும் கொடுக்கிறது. எபிரேய வசனத்தை வீட்டு மொழியில் சொல்ல ஒருகாலத்தில் சினகாக்கில் ஒருவர் எழுந்து நின்றார். இப்போது வீட்டு மொழியின் பாட்டை எபிரேயத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.